நான் எழுதாத வரி

அன்புள்ள ஐயா,

நான் புதுக்கோட்டைக்காரன். பொறியியல் முடித்துவிட்டுச் சென்னையில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். கல்லூரி நாட்களில் திருச்சிக்கு பஸ்ஸில் போய்வரும்போதெல்லாம் சூரியூர் பக்கம் ஐ.ஐ.எம். (இந்திய மேலாண்மைக் கழகம்) வளாகத்தைப் பார்த்து ஏங்கியவன். சென்ற நவம்பரில் ஐ.ஐ.எம்.களில் சேர்வதற்கான கேட் (CAT) தேர்வு எழுதினேன். கணக்கில் 97 பெர்சன்டைல் (அதாவது நூற்றுக்கு 97 பேர் எனக்குப் பின்னால்), தரவு-தர்க்கப் பகுதியில் 93, ஆங்கில வாசிப்பில் 74. மொத்தம் 91. நான் விரும்பிய எந்த ஐ.ஐ.எம்.மிலிருந்தும் நேர்காணல் அழைப்பு இல்லை. ஒரே நாளில் மூன்று ஷிஃப்டாக நடக்கும் தேர்வில் எனக்கு வாய்த்தது வேறு கடினமானது. ஆங்கிலப் பகுதியில் கடைசி இரண்டு பத்திகளை அவசரமாக ஓட்டிப் படித்து விடைகளைக் குறித்தேன். மறுபடியும் எழுதப்போகிறேன். வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் படிக்கலாமா? அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. வேகமாக வாசிக்க ஏதேனும் பயிற்சி உண்டா? தமிழ்வழியில் படித்தவர்களுக்கு ஆங்கிலத்தில் ஆழமான வாசிப்பு கைகூடாது என்று கிளை நூலகங்கள் பற்றிய கட்டுரையில் நீங்களே எழுதியிருந்தீர்கள். அப்படியானால் என்னைப் போன்றவர்கள் என்னதான் செய்வது?

ர.

அன்புள்ள ர.,

உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரிகள் இல்லையென்றால் நான் பதில் எழுதியிருக்க மாட்டேன். மேலாண்மைப் படிப்புக்கு வழிகாட்ட என்னைவிடத் தகுதியானவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள்.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு ஆங்கில வாசிப்பு கைகூடாது என்று நான் எழுதவே இல்லை. அந்தக் கட்டுரையின் இரண்டாம் பத்தியில் ஒரு கல்லூரிப் பேராசிரியர் அப்படிச் சொல்வார். மூன்றாம் பத்தி, இதைவிட அசட்டுத்தனமான பேச்சை நான் கேட்டதில்லை என்று தொடங்கும். அதன்பிறகு வருவதெல்லாம் அவருக்கு மறுப்புதான். கிளை நூலகத்தில் உட்கார்ந்து தடித்தடி நாவல்களைத் தமிழில் வாசித்துத் தீர்த்தவன் பின்னால் எந்த மொழிப் புத்தகத்தையும் பயமில்லாமல் திறப்பான் என்பதே நான் சொல்ல வந்தது. நீங்கள் பேராசிரியரின் வாயிலிருந்த வரியை எடுத்து என் சட்டைப்பையில் போட்டுவிட்டீர்கள்.

தம்பி, உங்கள் 74 இங்கேதான் இருக்கிறது. தமிழ்வழியிலும் இல்லை, ஷிஃப்டிலும் இல்லை. ஷிஃப்டைப் பற்றி இந்த ஒரு சொல்லோடு விட்டுவிடுகிறேன்: மூன்று வேளைத் தேர்வுகளின் மதிப்பெண்களையும் சமன்செய்த பிறகுதான் பெர்சன்டைல் போடுகிறார்கள். புலம்பலுக்கு அங்கே இடமில்லை.

கேட் தேர்வின் வாசிப்புப் பகுதியை எடுத்துப் பாருங்கள். 40 நிமிடம், 24 கேள்விகள். அவற்றில் 16 கேள்விகள் நான்கு நீண்ட பத்திகளை ஒட்டி வருபவை. மானுடவியல், பொருளாதாரம், கலை, சூழலியல் என்று எதிலிருந்து வேண்டுமானாலும் ஒரு கட்டுரைத் துண்டு வரும். அதன் தொடக்கத்தில், இதைப் பற்றிப் பொதுவாக இப்படி நம்புகிறார்கள் என்று கட்டுரையாளர் எதிர்த்தரப்பை விரிவாகவே எடுத்துவைப்பார். பிறகு 'ஆனால்' என்று ஒரு வாக்கியம் தொடங்கும். அந்த 'ஆனால்' வருவதற்குள் அவசரக்காரர் முடிவுக்கு வந்திருப்பார். கேள்வியின் நான்கு விடைகளில் ஒன்று, எதிர்த்தரப்பின் கருத்தை ஆசிரியரின் கருத்தாகவே நீட்டும். இன்னொன்று உலகத்தில் உண்மை, பத்தியில் இல்லாதது. மூன்றாவது, பத்தியில் 'பெரும்பாலும்' என்று இருப்பதை 'எப்போதும்' என்று மாற்றியிருக்கும். கேள்வி கேட்பவர்களுக்கு உங்களைப் போன்றவர்களை நன்றாகத் தெரியும். என் கட்டுரையை நான்கு விடைகளோடு ஒரு கேள்வியாகக் கொடுத்திருந்தால், தயங்காமல் பேராசிரியரைக் குறித்துவிட்டு ஒரு மதிப்பெண்ணை இழந்திருப்பீர்கள். சரியான விடைக்கு மூன்று கிடைக்கும், தவறான விடைக்கு ஒன்று போகும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே. கடைசி இரண்டு பத்திகளை ஓட்டிப் படித்ததாகப் பெருமூச்சோடு எழுதுகிறீர்கள். ஒரு பத்தியை நிதானமாக வாசித்துவிட்டு மற்றொன்றைத் தொடாமலே விட்டிருந்தால் நஷ்டம் குறைந்திருக்கும்.

இதில் கோபப்பட எனக்குச் சொந்தக் காரணமும் உண்டு. சில காலமாக எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பகுதி நான் எழுதாத கட்டுரைகளுக்கான பதில்கள். ஒரு மூடநம்பிக்கையை விவரித்தால் அதைப் பரப்புவதாக வசை வருகிறது. கதையில் ஒரு கொடுமைக்காரன் பேசினால் அது என் கொள்கையாகிவிடுகிறது. பாராட்டுகளும் இதே லட்சணம்தான். நான் மறுத்ததையே நான் சொன்னதாக நினைத்துக்கொண்டு கைகுலுக்குகிறார்கள். எழுதியவன் என்ன சொல்கிறான் என்று பார்ப்பதற்கு முன்பே, அதில் தனக்குப் பிடித்தது எது, தன்னைப் புண்படுத்துவது எது என்று தேடுகிற கண் இது. நீங்களும் உங்கள் பயத்துக்கு ஆதாரம் தேடிக்கொண்டே வாசித்திருக்கிறீர்கள். கிடைத்ததும் அங்கேயே நின்றுவிட்டீர்கள்.

இளவயதில் நான் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கும் வேலையில் இருந்தேன். ஈய எழுத்துகளைக் கோத்து அச்சடித்த காலம். அங்கே ஒரு மூத்த மெய்ப்புத் திருத்துநர் இருந்தார். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். நான் கையெழுத்துப் பிரதியை உரக்க வாசிக்க வேண்டும், அவர் காலி புரூஃபில், அதாவது பக்கம் பிரிக்காத முதல் அச்சுத்தாளில், பென்சிலை ஓட்டிக்கொண்டே வருவார். வேலை பழகப் பழக என் வாய் பிரதியில் இருப்பதை விட்டுவிட்டு, இருக்க வேண்டும் என்று தனக்குத் தோன்றுவதை வாசிக்கத் தொடங்கியது. 'அவன் மறுக்கவில்லை' என்று இருக்கும். கதை போகிற போக்கில் 'அவன் மறுத்தான்' என்று சொல்லிவிடுவேன். பென்சில் நின்றுவிடும். பத்தியின் முதல் வரியிலிருந்து மறுபடி வாசிக்கச் சொல்வார். பக்கக் கணக்கில் கூலி என்பதால் திரும்ப வாசித்தால் இரண்டு பேருக்கும் நஷ்டம். ஆனாலும் விடமாட்டார். "எழுதியவர் புத்தியை வாசியுங்கள் தம்பி, உங்கள் புத்தி எங்கேயும் ஓடிவிடாது" என்பார்.

ஒரே நாளில் சித்த மருத்துவ நூலும் தொழிற்சங்கத் துண்டறிக்கையும் கோயில் தலபுராணமும் மேசைக்கு வரும். அவருக்குத் தலபுராணங்களில் துளியும் நம்பிக்கை இல்லை. இருந்தும் அதில் என்ன சொல்லியிருக்கிறது என்று கேட்டால், எழுதிய புலவரே எதிரில் உட்கார்ந்து சொல்வதுபோல ஒரு வரி பிசகாமல் சொல்வார். தன் அபிப்பிராயத்தையெல்லாம் தேநீர்க் கடைக்கு வந்த பிறகுதான் அவிழ்ப்பார். அங்கே அவரிடம் சிக்கிய புலவரை ஈசனும் காப்பாற்ற முடியாது. பட்டம் பெற்ற முதலாளியால் ஒருநாளும் அப்படிப் பிரித்துவைக்க முடிந்ததில்லை. பிடிக்காத பிரதி வந்தால், படித்துக்கொண்டிருக்கும்போதே சண்டையைத் தொடங்கிவிடுவார்.

வேகப் பயிற்சி கேட்டீர்கள். தயவுசெய்து வேண்டாம். கடினச் சொற்களின் பட்டியலை மனப்பாடம் செய்வதும் வேண்டாம். இப்போது கேட் தேர்வில் சொற்பொருளை நேரடியாகக் கேட்பதில்லை. அதற்குப் பதில் இதைச் செய்யுங்கள். தினமும் இரவு உங்களுக்குக் கொஞ்சமும் ஆர்வமில்லாத விஷயத்தில் ஓர் ஆங்கிலக் கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிட்டு வாசியுங்கள். மூடிவிட்டு, ஆசிரியர் சொன்னதைத் தமிழில் மூன்று வரியில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் அவருடைய வாக்கியங்களையே அடுக்கிவிட்டுப் புரிந்துவிட்டதாக நம்புவீர்கள். தமிழில் அந்த ஏமாற்று நடக்காது. அடுத்து, கட்டுரைக்குள் பேசும் மற்றவர்கள் யார், யாரை ஆசிரியர் ஏற்கிறார், யாரை விரட்டுகிறார் என்று குறியுங்கள். உங்கள் கருத்து ஒரு சொல்கூட அந்தத் தாளில் இருக்கக் கூடாது. சென்ற முறை எழுதிய மாதிரித் தேர்வுகளையும் தூக்கிப்போடாதீர்கள். தவறிய ஒவ்வொரு வாசிப்புக் கேள்விக்கும், நீங்கள் தேர்ந்த விடை எந்த வரியிலிருந்து வந்தது என்று பத்தியில் தேடிக் கோடிடுங்கள். பல கேள்விகளுக்குக் கோடிட வரியே கிடைக்காது. சில கேள்விகளில் அந்த வரி வேறொருவர் பேச்சாக இருக்கும். இரண்டையும் தனித்தனியாக எண்ணி வையுங்கள். புதிதாக இருபது மாதிரித் தேர்வுகள் எழுதுவதைவிட இது உபயோகமானது. ஆகஸ்டில் விண்ணப்பம் தொடங்கும்வரை வாசிப்புப் பகுதிக்கு இது மட்டும் போதும்.

91 ஒன்றும் கேவலமில்லை. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதும் தேர்வில் பத்தில் ஒன்பது பேர் உங்களுக்குப் பின்னால் நிற்கிறார்கள். முன்னால் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள் என்பதும் அதே கணக்குதான், அதனால்தான் அழைப்பு வரவில்லை. கணக்கில் 97 வாங்கியவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனிக் குறைந்தபட்ச அளவு வைத்திருப்பதால் அந்த 97 இந்த 74ஐத் தூக்கிவிடாது. எத்தனை முறை வேண்டுமானாலும் எழுத அனுமதி உண்டு, வெட்கப்பட எதுவும் இல்லை.

வேலையை விடுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். விடாதீர்கள். பல ஐ.ஐ.எம்.களில் அழைப்புக்கான மதிப்பீட்டில் வேலை அனுபவமும் சேர்கிறது. விட்டால் நேர்காணலில் அந்த இடைவெளியைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள். நான் சொன்ன பயிற்சிக்குப் பகல் முழுதும் தேவையும் இல்லை. வழக்கமாக நவம்பர் கடைசி ஞாயிறு வாக்கில்தான் தேர்வு. அதற்கு முந்தைய வாரத்துக்கு இப்போதே விடுப்புச் சொல்லி வையுங்கள். அப்பாவிடம் மறுபடி எழுதப்போகிறேன் என்பதை மட்டும் இந்த ஞாயிற்றுக்கிழமையே சொல்லிவிடுங்கள். அவர் என்ன சொல்கிறார் என்பதையும் கடைசிவரை கேளுங்கள்.