குழந்தையைத் தேடாமல் டேபிள் ஃபேன் பொறுக்குகிறேன்: ஃபால்அவுட் 4-ஐ வைத்துக்கொள்ளவா, திருப்பிக் கொடுக்கவா?

கேள்வி: அமேசான் பிரைமில் ஃபால்அவுட் வெப் சீரிஸ் பார்த்த வேகத்தில் போன வாரம் ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் ஃபால்அவுட் 4 வாங்கிவிட்டேன். இதற்கு முன் மொபைல் கேம் தவிர எதுவும் ஆடியதில்லை. ஒன்றரை மணி நேரமாக இடிந்த வீடுகளில் டேபிள் ஃபேன், டேப், காலி டின் பொறுக்கியதுதான் மிச்சம். எடை கூடிப்போய் ஓடக்கூட முடியவில்லை. லேப்டாப்பில் 8 ஜிபி ரேம், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது, கேம் திக்கித் திக்கி ஓடுகிறது. அழிந்துபோன உலகத்தில் சுற்றுவதில் அப்படி என்னதான் இருக்கிறது? தொடரலாமா?

பதில்: முதலில் காசு விஷயம். வாங்கி 14 நாளுக்குள், ஆடிய நேரம் 2 மணிக்குள் இருந்தால் ஸ்டீமில் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். உங்களுக்கு அரை மணி நேரம்தான் பாக்கி, அதனால் கேமை மூடிவிட்டு மேலே படியுங்கள். சும்மா திறந்து வைத்திருந்தாலும் மீட்டர் ஓடும்.

என் யோசனை: திருப்பிக் கொடுங்கள், அதற்குப் பதில் இதே வரிசையில் வந்த பழைய கேமான ஃபால்அவுட் நியூ வேகஸ் வாங்குங்கள். 2015-ல் வந்த ஃபால்அவுட் 4 குறைந்தபட்சமாகவே 8 ஜிபி ரேமும் 2 ஜிபி நினைவகம் உள்ள கிராஃபிக்ஸ் கார்டும் கேட்கிற கேம். திரைத் துல்லியத்தை 720-க்கு இறக்கி, காட் ரேஸ் என்கிற ஒளிக்கதிர் எஃபெக்டை அணைத்து, நிழல் தூரத்தைக் குறைத்தால் கொஞ்சம் தேறலாம், ஆனால் முதல் அனுபவம் அப்படித் திணறலாக இருக்க வேண்டாம். 2010-ல் வந்த நியூ வேகஸுக்கு 2 ஜிபி ரேம், 10 ஜிபி இடம் போதும். நீங்கள் பார்த்த சீரிஸின் முதல் சீசன் கடைசியில் தூரத்தில் தெரிந்ததே, அந்த ஊர்தான்.

சரி, கேம் மாறினாலும் உங்கள் கேள்வி அப்படியேதான் இருக்கும், அதற்கு வருவோம்.

இந்த உலகத்தில் 2077 அக்டோபர் 23-ம் தேதி அணுகுண்டுகள் விழுந்து எல்லாம் முடிந்துவிட்டது. 1950-களின் அமெரிக்கர்கள் கனவு கண்ட எதிர்காலம் அது, அணுசக்தியில் ஓடும் காரும் வீட்டு வேலை செய்யும் ரோபோவுமாக. அத்தனையும் அந்த ஒரே நாளில் போட்டது போட்டபடி நின்றுபோய்விட்டது, அதனால் நீங்கள் நுழைகிற ஒவ்வொரு அறையிலும் யாரோ பாதியில் விட்டுப்போன ஏதோ ஒன்று கிடக்கும், அதைப் பார்த்து என்ன நடந்திருக்கும் என்று நாமாகவே கோத்துக்கொள்ள வேண்டியதுதான். மற்ற கேம்களில் கதையை யாராவது வந்து சொல்வார்கள், இங்கே அறை சொல்லும்.

நியூ வேகஸில் வால்ட் 11 என்று ஒரு பதுங்குமிடம் இருக்கிறது. உள்ளே போனதும் எலும்புக்கூடுகள், பக்கத்தில் துப்பாக்கிகள். இன்னும் உள்ளே போனால் சுவர் முழுக்கத் தேர்தல் போஸ்டர். படித்துப் பார்த்தால் எதுவோ இடிக்கிறது, 'இவர் மோசமான ஆள், ஆகவே இவருக்கே ஓட்டுப் போடுங்கள்' என்கிற தினுசில் எழுதியிருக்கிறார்கள். ஜெயிக்க ஏன் யாருக்குமே ஆசையில்லை? அங்கங்கே இருக்கும் கம்ப்யூட்டர் குறிப்புகளைப் படித்துக்கொண்டே கீழ்த்தளத்துக்கு இறங்கினால் விடை கிடைக்கும். நான் சொல்ல மாட்டேன். முக்கியக் கதை கட்டாயப்படுத்தி உங்களை அங்கே அனுப்பாது என்பதுதான் இதில் விசேஷம்.

உங்கள் ஃபேன் கதையும் இதில் சேர்ந்ததுதான். ஃபால்அவுட் 4-ல் டேபிள் ஃபேனுக்குள் ஸ்க்ரூ இருக்கிறது, டேப்பில் பசை, துப்பாக்கியை மேம்படுத்த இரண்டும் வேண்டும். ஒன்றுமே தயாரிக்காத உலகத்தில் காயலான் கடைச் சரக்குக்குத்தான் மதிப்பு என்பது கொஞ்ச நேரத்தில் நம் தலையிலும் ஏறிவிடும், தங்கக் கட்டியைத் தாண்டிப்போய் டைப்ரைட்டரைத் தூக்குவோம். நீங்கள் செய்த ஒரே தப்பு எல்லாவற்றையும் எடுத்தது. கேமை வைத்துக்கொள்வதாக இருந்தால், ஸ்க்ரூ, பசை, அலுமினியம் மூன்றையும் பிப்-பாயில் (உங்கள் ஆளின் கையில் கட்டியிருக்கும் கம்ப்யூட்டர்) தேடல் குறி போட்டுவிடுங்கள். அவை உள்ள சாமான் பக்கத்தில் பூதக்கண்ணாடி அடையாளம் தெரியும், மற்றதைத் தொடாதீர்கள்.

இன்னொரு நியாயமான எரிச்சலும் உங்களுக்கு இருந்திருக்கும். ஃபால்அவுட் 4-ன் கதைப்படி நீங்கள் பெற்ற பிள்ளையைக் கடத்திக்கொண்டு போய்விட்டார்கள், நீங்களோ டின் பொறுக்குகிறீர்கள்! அது கேமின் கோளாறு, உங்களுடையது அல்ல. அவசரமான கதையையும் நிதானமாகச் சுற்றவேண்டிய உலகத்தையும் ஒன்றாகக் கட்டிவிட்டார்கள், பொருந்தவே இல்லை. 1997-ல் வந்த முதல் ஃபால்அவுட்டில் பதுங்குமிடத்தின் குடிதண்ணீர் இயந்திரத்துக்கு வேண்டிய சிப்பைக் கொண்டுவர 150 நாள் கெடு இருந்தது. 4-ல் அப்படி எதுவுமில்லை, எத்தனை மாதம் கழித்துப் போனாலும் கதை காத்திருக்கும். நியூ வேகஸில் உங்களைத் தலையில் சுட்டுப் புதைத்தவனைத் தேடிப் போகிறீர்கள். பழிக்கு என்ன அவசரம், வழியில் நாலு ஊரைப் பார்த்துவிட்டே போகலாம்.

அந்த வழியைச் சொல்ல வேண்டும். குட்ஸ்பிரிங்ஸ் என்ற குக்கிராமத்தில் கண் விழிப்பீர்கள், வடக்கே வேகஸின் கோபுரம் கண்ணுக்கே தெரியும். நேரே போகலாமே என்று தோன்றும். யாரும் தடுக்க மாட்டார்கள், சுவரும் கிடையாது, போனால் டெத்கிளா என்ற ராட்சசப் பல்லிகள் கிழித்துப்போடும். அதனால் தெற்கே இறங்கி பிரிம், நிப்டன், நோவாக் என்று சுற்றிக்கொண்டு வர வேண்டும். அந்தச் சுற்றில்தான் எந்தக் கூட்டம் யாரை என்ன செய்கிறது என்று உங்களுக்கே ஓர் அபிப்பிராயம் உருவாகும், கடைசியில் ஹூவர் அணை யாருக்கு என்று முடிவெடுக்கும்போது அது உதவும்.

சில நடைமுறை விஷயங்கள். முதல் ஆட்டத்தில் பேச்சுத் திறமைக்குப் புள்ளிகளை அள்ளிக் கொடுங்கள், சண்டையில்லாமலே முடிகிற இடங்கள் ஏராளம். (இரண்டாவது முறை அறிவை 1-ல் வைத்து ஆடிப் பாருங்கள், உங்கள் ஆள் பேசுவதே தனி காமெடி.) பசி, தாகம், தூக்கம் எல்லாம் கவனிக்க வேண்டிய ஹார்ட்கோர் மோடு இப்போது வேண்டாம். இது 32-பிட் கேம், 2 ஜிபி நினைவகத்துக்கு மேல் தொடாமல் அப்படியே செத்துவிழும், அந்த வரம்பை உயர்த்த ரசிகர்கள் எழுதிய இலவச 4 ஜிபி பேட்ச் என்ற சின்ன மென்பொருளைப் போட்டுவிடுங்கள். ஆட்டோசேவை மட்டும் நம்பாமல் தனித்தனி சேவ் வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் வழிகாட்டி வீடியோ பார்த்துக்கொண்டே ஆடினால் மிஞ்சுவது சுடுவது மட்டும்தான், அதுவோ இந்த கேமில் சுமார் ரகம். முகங்களும் மரப்பாச்சிதான், எங்கு பார்த்தாலும் மண் நிறம். படிக்கப் பிடிக்காதவர்களுக்கு நான் இதைச் சிபாரிசு செய்வதில்லை.

நிப்டன் வரை ஆடிப் பாருங்கள். ஊர் எரிந்துகொண்டிருக்கும், லாட்டரியில் ஜெயித்துவிட்டேன் என்று கத்திக்கொண்டு ஒருவன் எதிரே ஓடி வருவான். என்ன லாட்டரி என்று உள்ளே போய்ப் பார்க்கத் தோன்றாவிட்டால் இந்த வகை கேம் உங்களுக்கு ஒத்துவராது, தாராளமாக அன்இன்ஸ்டால் செய்துவிடுங்கள்.