இருவரும் சம்மதித்தாலன்றி

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து எழுதுகிறேன். என் பெயரைப் போட வேண்டாம். நான் மருத்துவமனையில் இரவு வேலை பார்க்கும் தாதி. கணவர் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர். பிள்ளைகள் இருவரும் தொடக்கப்பள்ளியில் படிக்கிறார்கள்.

இரண்டு வருடமாக அவர் எங்கள் சபையின் ஆண்கள் ஐக்கியத்துக்குப் போகிறார். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஜெபம், அப்புறம் வேதபாடம். எல்லாரும் சேர்ந்து பசியாறிவிட்டுப் பத்தரைக்கு வீட்டுக்கு வருவார். அந்தக் குழுவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் குடியை விட்டது அங்கே போன பிறகுதான். இப்போது பிள்ளைகளோடு உட்கார்ந்து ஜெபிக்கிறார். ஆனால் போன வருடம் அங்கே 'புருஷனே தலை' என்று ஒரு பாடம் நடந்தது. அன்றிலிருந்து எல்லாவற்றிலும் கடைசி முடிவு தன்னுடையது என்கிறார். என் சம்பளக் கணக்கின் ஏடிஎம் அட்டையையும் வாங்கி வைத்துக்கொண்டார். மருத்துவமனை என்னைச் சிறப்புத் தாதிமைப் படிப்புக்கு அனுப்பத் தயாராக இருக்கிறது. மாதக் கடைசிக்குள் படிவம் கொடுக்க வேண்டும். அவர் வேண்டாம் என்கிறார். குழுவில் கேட்டாராம், அவர்களும் வேண்டாம் என்றார்களாம்.

கணவருக்கு எதிராகப் போக எனக்கு விருப்பமில்லை. வேதத்துக்கு எதிராகப் போகவும் பயமாக இருக்கிறது. அடங்கிப் போவதுதான் விசுவாசமா?

ஒரு சகோதரி

அன்புள்ள சகோதரி,

'குழுவில் கேட்டாராம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைத் தாண்ட எனக்கு நேரம் பிடித்தது. இரவு வேலை முடிந்து வந்து நீங்கள் பிள்ளைகளுக்குப் பால் கலக்கிக்கொண்டிருந்த ஒரு காலையில், உங்கள் படிப்பைப் பற்றிச் சில ஆண்கள் பேசி முடிவு சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட உங்களையும் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று தோன்றவில்லை. அவர்களைக் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. நானும் அந்த மேசையில் உட்கார்ந்தவன்தான்.

நீங்கள் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. வாயை மூடிக்கொண்டு இருப்பதை வேதம் விசுவாசம் என்று எங்கும் சொல்லவில்லை. ஏன் என்று விளக்குவதற்கு முன் என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

தொண்ணூறுகளில் நான் ஒரு சபையில் ஆண்கள் ஐக்கியத்தை நடத்திக்கொண்டிருந்தேன். 1996இல், வீட்டு விலை உச்சத்தில் இருந்த சமயம், எங்கள் குழுவில் ஒரு தம்பி அரசு கட்டிய வீவக அடுக்குமாடி வீட்டை விற்றுத் தனியார் கொண்டோமினியம் வீடு வாங்க ஆசைப்பட்டார். அவர் மனைவி கணக்கு எழுதும் வேலையில் இருந்தவர். கடன் தாங்காது, வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லியிருக்கிறார். தம்பி எங்களிடம் வந்து கேட்டார். நான்தான் சொன்னேன்: "பிரதர், வீட்டுக்குத் தலை நீங்கள். ஜெபித்துவிட்டு முடிவெடுங்கள். அவர்கள் பின்னால் வருவார்கள்." மற்றவர்கள் ஆமென் என்றார்கள். அடுத்த வருடம் ஆசிய நிதி நெருக்கடி வந்தது. அவருக்கு வேலை போனது. பெரிய நட்டத்தில் வீட்டை விற்றார்கள். பிறகு ஒருநாள் புளோக்கின் கீழ்த்தளத்தில் அந்தச் சகோதரியைப் பார்த்தேன். அவர் சண்டை போடவில்லை. "நீங்கள் அவருக்குத் தைரியம் கொடுத்தீர்கள் அண்ணன். என்னை யாரும் கேட்கவில்லை" என்றார். அவ்வளவுதான். அந்தத் தம்பி அதற்குப் பிறகு ஐக்கியத்துக்கு வரவே இல்லை. நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். மனைவியிடம் கேட்க எனக்கு இன்னும் இரண்டு வருடம் பிடித்தது. முதலில் அவரிடம்தான் கேட்டிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகுதான் நான் பிறருக்குப் போதித்த பகுதியை மறுபடி உட்கார்ந்து படித்தேன். பவுல் எழுதிய எபேசியர் நிருபம், 5ஆம் அதிகாரம். குழுக்களில் பெரும்பாலும் 22ஆம் வசனத்தில் தொடங்குவார்கள்: "மனைவிகளே... கீழ்ப்படியுங்கள்." அதற்கு முந்தைய வசனம் "தெய்வ பயத்தோடே ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்" என்கிறது. கிரேக்க மூலத்தின் மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் 22ஆம் வசனத்தில் கீழ்ப்படிதல் என்ற வினைச்சொல்லே கிடையாது. 21ஆம் வசனத்திலிருந்து அதை இழுத்துக்கொண்டுதான் 22ஐ வாசிக்க முடியும். ஒருவருக்கொருவர் என்பதை வெட்டிவிட்டால் அடுத்த வசனம் அந்தரத்தில் நிற்கும். பிறகு 25ஆம் வசனத்தில் பேச்சு புருஷர் பக்கம் திரும்பி, ஏறக்குறைய அதிகார முடிவு வரை அவர்களோடுதான் போகிறது. அங்கே கிறிஸ்துவைக் காட்டிப் பவுல் சொல்லும் காரியம், அவர் தம்மைத்தாமே ஒப்புக்கொடுத்தார் என்பது. அட்டையை வாங்கி வைத்துக்கொள்வதற்கு அந்தப் பகுதியில் எனக்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

தலை என்ற சொல்லைப் பற்றியும் கொஞ்சம். தமிழில் தலை என்றதும் தலைவர், தலைமை என்றுதான் காதில் விழும். பவுல் எழுதிய கெஃபாலே என்ற கிரேக்கச் சொல்லுக்கு அதிகாரம் என்பது பொருளா, ஊற்று, தொடக்கம் என்பது பொருளா என்று அறிஞர்கள் பல பத்தாண்டுகளாக வாதிடுகிறார்கள். அந்த வாதத்தை நான் நம்பி நிற்கவில்லை. அதிகாரம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கடைசி வார்த்தை கணவனுக்கு என்ற சட்டம் எங்கே இருக்கிறது?

ஒரு தம்பதி ஒரு விஷயத்தை எப்படி முடிவெடுக்க வேண்டும் என்று பவுல் நேராகச் சொல்லும் இடம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். 1 கொரிந்தியர் 7ஆம் அதிகாரம். மனைவியின் சரீரத்துக்குப் புருஷன் அதிகாரி என்கிறார். அதே மூச்சில் புருஷனின் சரீரத்துக்கு மனைவி அதிகாரி என்கிறார். உபவாசத்துக்காகவும் ஜெபத்துக்காகவும் சிலகாலம் பிரிந்திருப்பதானாலும் 'இருவரும் சம்மதித்தாலன்றி' கூடாது என்கிறார். ஜெபிப்பதற்காகப் பிரிந்திருப்பதையே ஒருவர் தனியாகத் தீர்மானிக்க முடியாது என்றால், மனைவியின் படிப்பை ஒருவர் தனியாக எப்படித் தீர்மானிப்பது?

சாராள் ஆபிரகாமை ஆண்டவன் என்று அழைத்தாள் என்பதை உங்கள் கணவர் அங்கே கேட்டிருப்பார். 1 பேதுரு 3இல் இருக்கிறது, உண்மைதான். ஆதியாகமம் 21இல் தேவன் ஆபிரகாமிடம், சாராள் சொல்வதையெல்லாம் கேள் என்கிறார். அதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். பேதுருவும் அடுத்த வசனத்திலேயே புருஷரிடம் திரும்பி, மனைவிக்குரிய கனத்தைக் கொடுங்கள், 'உங்கள் ஜெபங்களுக்குத் தடைவராதபடிக்கு' என்று எச்சரிக்கிறார். ஜெபத்துக்காகக் கூடும் ஆண்கள் தங்கள் சுவரில் எழுதி வைக்க வேண்டிய வரி என்று எனக்குத் தோன்றும்.

இன்னொன்று. 'ஏற்ற துணை' என்று ஏவாளைச் சொல்லும் இடத்தில் எபிரெயத்தில் இருப்பது ஏசெர் என்ற சொல். 121ஆம் சங்கீதத்தில் 'எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்கள்' என்று பாடுகிறோமே, அந்த ஒத்தாசையும் இதே சொல்தான். கர்த்தரிடமிருந்து வரும் உதவிக்குச் சொன்ன சொல்லை மனைவிக்குச் சொல்லியிருக்கிறது. துணை என்றால் கீழே என்று யார் நமக்குச் சொன்னது?

இந்தப் பாடம் எங்கிருந்து வந்தது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஆண் தலைமை என்பது சபையில் பழைய கருத்துதான். ஆனால் ஆண்களைத் தனியாகக் கூட்டி, பாடநூல் வைத்து, வாரா வாரம் அதைப் பயிற்றுவிக்கும் இந்த முறையின் பெரும்பகுதி அமெரிக்காவில் உருவானது. 1987இல் அங்கே எழுதப்பட்ட டான்வர்ஸ் அறிக்கை இந்தத் தரப்பின் அடிப்படை ஆவணம். 1990இல் பில் மெக்கார்ட்னி என்ற அமெரிக்கக் கால்பந்துப் பயிற்றுநர் பிராமிஸ் கீப்பர்ஸ் என்ற ஆண்கள் இயக்கத்தைத் தொடங்கினார். 1997 அக்டோபரில் வாஷிங்டனில் லட்சக்கணக்கான ஆண்கள் கூடி அழுது ஜெபித்தார்கள். அந்த அழுகையில் உண்மை இருந்தது. வீட்டைக் கைவிட்ட தகப்பன்மார் பலர் திரும்பினார்கள். அந்த நூல்களின் நகல்களை வைத்துத்தான் நானும் பாடம் நடத்தினேன். நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால், டான்வர்ஸ் அறிக்கையே கணவனின் தலைமை அன்பும் தாழ்மையும் உள்ளதாக இருக்க வேண்டும், ஆதிக்கம் பாவத்தின் விளைவு என்கிறது. அந்தக் கொள்கையை முழுதாக ஏற்றுக்கொண்டவர்களும் உங்கள் ஏடிஎம் அட்டை விஷயத்துக்கு அதில் இடம் காட்ட முடியாது.

இங்கே நம் ஆண்களுக்கு அது சட்டென்று பிடித்துப்போவதற்கு ஒரு காரணம் உண்டு. பதினெட்டு வயதில் கட்டாயப் படைப்பயிற்சியான தேசிய சேவைக்குப் போகிறோம். கட்டளை யார் கொடுப்பது, யார் கேட்பது என்பது அங்கே தெளிவாக இருக்கும். இருவர் கட்டளையிட்டால் பிரிவு சிதறும் என்று கற்கிறோம். அப்புறம் வருடக்கணக்காக ரிசர்விஸ்ட். அந்தப் பழக்கத்தோடு வேதத்தைத் திறந்தால் குடும்பமும் ஒரு படைப்பிரிவாகவே தெரியும். குழுவில் நாங்கள் பேசிய வார்த்தைகளே அப்படித்தான் இருந்தன: பொறுப்பதிகாரி, காவல், போர்க்களம்.

என் அப்பா அந்த வார்த்தைகள் எதுவும் கேட்டதில்லை. செம்பவாங் கடற்படைத் தளத்தில் குமாஸ்தாவாக இருந்தார். சம்பள உறையைப் பிரிக்காமல் அம்மாவிடம் கொடுப்பார். அம்மா அதிலிருந்து பஸ் காசை எடுத்துக் கொடுப்பார். ராத்திரி ஜெபத்தை அப்பாதான் நடத்துவார். யார் தலை என்று அந்த வீட்டில் நான் கேட்டதே இல்லை. தமிழில் இல்லாள் என்றால் வீட்டுக்கு உரியவள். இல்லான் என்றால் ஒன்றும் இல்லாதவன். நம் மொழிக்கு யார் வீடு என்பதில் சந்தேகம் இருந்ததில்லை போலும்.

நம் சபைகளின் கதையையும் மறக்காதீர்கள். 1887இல் சோஃபியா பிளாக்மோர் என்ற திருமணமாகாத ஆஸ்திரேலியப் பெண் இங்கே வந்து, ஷார்ட் ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டில் ஒன்பது பிள்ளைகளோடு தமிழ்ப் பெண்கள் பள்ளியைத் தொடங்கினார். இன்றைய மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி அதிலிருந்து வந்ததுதான். தமிழ்ப் பெண் படிக்க வேண்டும் என்பது இந்தத் தீவில் ஒரு கிறிஸ்தவப் பெண் செய்த ஊழியம். உங்கள் படிப்பைத் தடுக்க யாராவது கிறிஸ்துவின் பெயரைச் சொன்னால் எனக்கு அந்தக் கடைவீடுதான் நினைவுக்கு வருகிறது.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. 1961இல் வந்த மாதர் சாசனம், குடும்பத்தை நடத்துவதில் கணவன் மனைவி இருவருக்கும் சம உரிமை என்கிறது. மனைவி தனக்கென்று ஒரு தொழில் செய்யவும் உரிமை தருகிறது. அரசாங்கத்துக்கே அது முழுதாகப் பழகக் காலம் பிடித்தது. அரசாங்க ஊழியரான பெண்களுக்குக் குடும்பத்துக்கான மருத்துவச் சலுகை ஆண் ஊழியர்களைப் போலவே கிடைத்தது 2005இல்தான். சாசனத்தை எடுத்துக் கணவர் முகத்துக்கு நேரே நீட்டச் சொல்லவில்லை. உங்கள் சம்பளம் உங்களுடையது என்பதை நீங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அடி, மிரட்டல் என்று எதுவும் நீங்கள் எழுதவில்லை. இருந்தும் எழுதத் தயங்கியிருந்தால், 1800-777-0000 என்ற தேசிய வன்முறைத் தடுப்பு உதவி எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். ஜெபக் குறிப்பாகச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டிய விஷயம் இல்லை அது.

அவரைக் குழுவிலிருந்து நிறுத்தச் சொல்லாதீர்கள். குடியை விட்ட மனிதனுக்குச் சனிக்கிழமை காலையில் தன்னை எதிர்பார்க்கும் நாலு பேர் வேண்டும். அது போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். நம் ஆண்கள் மனம் விட்டுப் பேச இந்த ஊரில் வேறு இடம் அதிகம் இல்லை. பயப்படுகிறேன், தோற்றுவிட்டேன் என்று அவர் முதன்முதலாகச் சொன்னது அங்கேயாகத்தான் இருக்கும். உங்கள் சம்பளம் அவருடையதைவிட அதிகமா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படியிருந்தால், இந்தப் படிப்பு முடிந்ததும் இன்னும் கூடுமே என்ற பயமும் அவருக்குள் இருக்கலாம். அந்தப் பயத்தைக் குழுவில் பேசியிருந்தால் பிரயோஜனமாக இருந்திருக்கும்.

பிள்ளைகள் தூங்கிய பிறகு ஒரு ராத்திரி இரண்டு பேரும் எபேசியர் 5ஐ 21ஆம் வசனத்திலிருந்து சத்தமாக வாசியுங்கள். அப்புறம் 1 கொரிந்தியர் 7இல் முதல் ஐந்து வசனம். விளக்கம் சொல்லாதீர்கள், அவரே யோசிக்கட்டும். பிறகு படிவத்தை மேசையில் வைத்து, படிப்புக் காலத்தில் பிள்ளைகளை யார் பள்ளியிலிருந்து அழைப்பது, சமையல் எப்படி, செலவு எப்படி என்று பேசுங்கள். வேண்டாம் என்பதற்கு அவரிடம் காரணம் இருந்தால் நீங்கள் கேட்க வேண்டும். தலை நான் என்பது மட்டும் காரணம் ஆகாது. அட்டையைத் திருப்பித் தரும்படி தனியாக, நேராகக் கேளுங்கள். பேச்சு நகரவில்லை என்றால் சபையில் மூத்த தம்பதி ஒருவரோடு நாலு பேராக உட்காருங்கள். கணவரோடு மனைவியும் இருக்கும் தம்பதியாகப் பாருங்கள்.

அவர் சம்மதித்தால் நல்லது. மாதக் கடைசி வரை பேசியும் அவர் மறுத்தால், நான் உங்கள் அண்ணனாக இருந்தால் படிவத்தைக் கொடுத்துவிட்டு வா என்றுதான் சொல்வேன். ஒளித்துக் கொடுக்க வேண்டாம். காலையில் அவரிடம் சொல்லிவிட்டுப் போய்க் கொடுங்கள்.

அந்தக் குழுவை நடத்தும் சகோதரர் இதைப் படித்தால் அவருக்கும் ஒரு வேண்டுகோள். வருகிற சனிக்கிழமை கூட்டத்தை மத்தியானத்துக்கு மாற்றி வையுங்கள். இரவு வேலை பார்த்துவிட்டு வருகிற இந்தச் சகோதரி அன்று காலை கொஞ்சம் தூங்கட்டும்.