நீங்கள் செய்த மோட், வேறொருவர் விற்கிறார்: உரிமை யாருக்கு?

கேள்வி: யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2 கேமுக்காக நம்மூர் டவுன் பஸ் ஒன்றை பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் மோடாக (கேமில் சேர்த்து ஆட ரசிகர்கள் செய்யும் கூடுதல் கோப்பு) செய்து இலவசமாக வெளியிட்டேன். ஒரு டெலிகிராம் சேனலில் அதை 150 ரூபாய்க்கு விற்கிறார்கள். கேட்டால், “கேமே எஸ்சிஎஸ் கம்பெனியோடது, உனக்கு என்ன உரிமை?” என்கிறார்கள். 6,000 ரூபாய் கொடுத்தால் காப்பிரைட் ‘வாங்கித் தருவதாக’ ஓர் ஏஜென்ட் சொல்கிறார். கொடுக்கலாமா? – ஈரோடு வாசகர்

பதில்: கொடுக்காதீர்கள். பதிப்புரிமை யாரும் வாங்கித் தருகிற பொருள் இல்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, சொந்தமாகச் செய்த படைப்புக்கு அது உருவானபோதே உரிமை வந்துவிடுகிறது. பதிவு ஒரு சாட்சியம்தான். பதிவில்லாமலும் வழக்குப் போடலாம். பதிவு செய்தே தீருவேன் என்றால் அரசுக் கட்டணம் ஒரு படைப்புக்கு 500 ரூபாய், சரக்கோடோ சேவையோடோ சேர்த்துப் பயன்படுத்தக்கூடியதானால் 2,000. விண்ணப்பத்தை இணையத்தில் நீங்களே நிரப்பலாம். ஆட்சேபணைக்கான 30 நாள் காத்திருப்பை எந்த ஏஜென்டாலும் குறைக்க முடியாது. படைத்த தேதிக்குச் சாட்சியாகும் என்று, தமக்குத் தாமே பதிவுத் தபால் அனுப்பி, பிரிக்காமல் வைத்துக்கொள்ளச் சொல்கிற யோசனையையும் காதில் வாங்காதீர்கள்.

அடுத்து, அந்தச் சேனல்காரரின் வாதம். கேம் எஞ்சினும் அதன் கோப்புகளும் எஸ்சிஎஸ் உடையவை என்பது உண்மைதான். அதனால் உங்கள் பஸ் அவருக்கு எப்படிச் சொந்தமாகும்? கம்பெனிக்கு ஏதாவது உரிமை இருந்தால் அது கம்பெனி கேட்க வேண்டியது. நீங்கள் வெறும் திரையில் தொடங்கி வடித்த மாடல், நீங்களே வரைந்த டெக்ஸ்சர் (மாடல்மேல் போர்த்தும் படம்), நீங்களே பதிவு செய்த ஹாரன் சத்தம் ஆகியவை உங்களுடையவை. கேமில் இருந்த பாகத்தைத் திருத்திப் போட்டிருந்தால் அந்த அடிப்படை உங்களுடையது ஆகாது. போக்குவரத்துக் கழகச் சின்னமும் அப்படியே. சீட்டையோ ஸ்டியரிங்கையோ இன்னொருவர் மோடிலிருந்து கேட்காமல் எடுத்திருந்தால், புகார் எழுதும்போது அதை உங்களுடையதாகச் சொல்லாதீர்கள். அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டப்படி, திருட்டுப் பிரதியை நீக்கச் சொல்லித் தளத்துக்கு அனுப்பும் டிஎம்சிஏ நோட்டீஸில் சத்தியப்பிரமாணத்துக்கு நிகரான உறுதிமொழி இருக்கிறது.

சாட்சியம் எது? மோடின் விவரங்களைச் சொல்லும் மேனிஃபெஸ்ட் கோப்பில் இருக்கும் உங்கள் பெயரை நோட்பேடில் அழிக்க அரை நிமிடம் போதும், அதை நம்பி உட்காராதீர்கள். பிளெண்டர் மூலக்கோப்புதான் பெரிய ஆயுதம். கேமிலிருந்து திருப்பி எடுத்த மாடலில் எல்லாமே முக்கோணங்களாக உடைந்திருக்கும், மாடிஃபையர்கள் (வடிவத்தை மாற்ற பிளெண்டரில் போடும் அமைப்புகள்) இருக்காது. அவை உள்ள கோப்பு, செய்தவரிடம்தான் இருக்கும். பழைய சேமிப்புகள், லேயர் பிரிந்த டெக்ஸ்சர் கோப்புகள், முதல் வெளியீட்டுத் தேதி எதையும் அழிக்காதீர்கள். 150 ரூபாய் கொடுத்து ஒரு பிரதி வாங்கி, சேனல் பெயர், பணம் போன யூபிஐ ஐடி, நாள் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள்.

பிறகு டெலிகிராமுக்கு டிஎம்சிஏ புகார் அனுப்புங்கள், யூடியூபில் இணைப்பு கொடுத்திருந்தால் அங்குள்ள படிவத்தையும் நிரப்புங்கள். இரண்டும் இலவசம். இந்திய விதியிலும் (2013 பதிப்புரிமை விதிகள், விதி 75) வழி உண்டு: முறையான புகார் போனால் தளம் 36 மணி நேரத்தில் நீக்க வேண்டும். ஆனால் 21 நாளில் நீதிமன்ற உத்தரவு கொண்டுவருவதாக நீங்கள் எழுதிக்கொடுக்க வேண்டும். வராவிட்டால் கோப்பு திரும்ப ஏறலாம். 150 ரூபாய் திருட்டுக்கு ஒரு மாணவர் மூன்று வாரத்தில் உத்தரவு வாங்கி வர வேண்டுமாம்! இந்த விதியை எழுதியவர்கள் தனி ஆள் படைப்பாளியை நினைத்தே பார்க்கவில்லை. வழக்குக்குப் போனால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம் என்பது ஒரு நல்ல ஏற்பாடு. பெயரை மறைத்துக்கொண்டு தப்பலாம் என்று அந்தச் சேனல்காரர் நினைத்தால், பயிற்சி ஆசிரியை ஒருவரின் பாடங்களைத் திருடிய சேனல்காரர்களின் விவரத்தைத் தரும்படி தில்லி உயர்நீதிமன்றம் 2022இல் டெலிகிராமுக்கு உத்தரவிட்டிருக்கிறது.

ஆர்டர் எடுத்து லிவரி (வண்டியின் மேல் போடும் வண்ண வடிவமைப்பு) செய்பவரானால் அதே 1957 சட்டத்தின் பிரிவு 17(b)-ஐ நிதானமாகப் படியுங்கள். ஒருவர் கேட்டுக்கொண்டு, பணமும் கொடுத்து வரையப்பட்ட ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். முப்பரிமாண மாடல் அந்தப் பட்டியலில் இல்லை. லிவரி தட்டையான படம் என்பதால் ‘ஓவியம்தான்’ என்று வாதாட இடமிருக்கிறது. 300 ரூபாய் ஜிபேயில் அனுப்பியவர் நாளைக்கு அதை விற்றால், உங்கள் கை கட்டப்பட்டுவிடும். ஆகவே பணம் வாங்குமுன், “உரிமை என்னிடமே, உங்களுக்குப் பயன்படுத்த மட்டும் அனுமதி” என்று எழுதி, அவரிடம் ‘சரி’ வாங்கிவிடுங்கள். மாடல் விஷயத்தில் உரிமை கைமாற வேண்டுமென்றால் உங்கள் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும். புரமோஷன் தருகிறோம் என்று ‘ஃபுல் ரைட்ஸ்’ பத்திரம் நீட்டும் சேனல்களுக்குக் கையெழுத்துப் போடவே போடாதீர்கள்.

கோபத்தில் நீங்களும் விலை போட்டுவிடக் கூடாது. ‘டியூக் நியூகெம் 3டி’க்கு ரசிகர்கள் செய்த 300 லெவல்களை ஒரு கம்பெனி சிடியில் போட்டு விற்றது, 1998இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கேம் உரிமையாளர் பக்கமே நின்றது. மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பில் நீங்கள் புதிதாகச் செய்த மோட் உங்களுடையது, ஆனால் விற்கக் கூடாது. வார்கிராஃப்ட் 3 கேமில் ரசிகர்கள் செய்யும் கஸ்டம் கேம்கள், அதைத் தயாரித்த பிளிஸார்டுக்கே சொந்தம் என்று அந்நிறுவனத்தின் 2020 விதி சொல்கிறது. கேமுக்கு கேம் ஒப்பந்தம் மாறும். எஸ்சிஎஸ் ஒப்பந்தத்தை முழுதாகப் படித்துவிட்டு, விற்பனையைப் பற்றி அதன் பிறகு யோசியுங்கள்.