அந்த வண்ணம் எப்போது பூசியது?

கேள்வி: ஆங்கில ஓவியர் டர்னர் வரைந்த, இங்கிலாந்தின் டோவர் கடற்கரைக் காட்சி ஒன்றின் பழைய அச்சுப் பிரதி விலைக்கு வந்திருக்கிறது. அடியில் 1826 என்று போட்டிருக்கிறது. வண்ணம் தீட்டி, ஃபிரேம் போட்டு, உண்மைச் சான்றிதழோடு தருகிறார்கள். வண்ணமும் அந்தக் காலத்தது என்கிறார் விற்பவர். நம்பி வாங்கலாமா?

பதில்: அச்சு உண்மையானதாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் அந்த வண்ணத்துக்காக ஒரு காசுகூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். டர்னரின் ஓவியங்களை வைத்து செதுக்குக் கலைஞர்களான கூக் சகோதரர்கள் முன்னின்று 1814 முதல் 1826 வரை பகுதி பகுதியாகக் கொண்டுவந்த இங்கிலாந்துத் தென்கடற்கரைக் காட்சிகள் எல்லாம் செப்புத்தகட்டில் கோடு கோடாகச் செதுக்கி, கறுப்பு மையில் அச்சாகி வெளிவந்தவை. உங்கள் படத்தில் இருக்கும் நீலமும் பச்சையும் பிற்பாடு யாரோ பூசியவை. வண்ணத்தோடே விற்பனைக்கு வந்த கடற்கரைப் படங்கள் வேறு ரகம், வில்லியம் டேனியல் 1814க்கும் 1825க்கும் இடையில் பிரிட்டனின் கரையைச் சுற்றி வந்து வெளியிட்டாரே, 308 அக்வாடிண்ட் படங்கள் (தகட்டை அமிலத்தால் அரித்து, நீர்வண்ணம் போல நிழல் கொண்டுவரும் அச்சுமுறை), அவை கையால் வண்ணம் தீட்டியே விற்கப்பட்டன. இந்த இரண்டையும் குழப்பித்தான் பாதி வியாபாரம் நடக்கிறது.

படத்தின் வானத்தை 10 மடங்கு லென்ஸ் வைத்துப் பாருங்கள். தலைமயிரைவிட மெல்லிய கோடுகள் நெருக்கமாக ஓடும். வெளிச்சம் மேகத்தில் மங்குவதை அந்தச் செதுக்குக் கலைஞர் கோடுகளின் இடைவெளியை வைத்தே காட்டியிருப்பார். அதன்மேல் நீலத்தை அப்பினால் அத்தனை உழைப்பும் போச்சு. கோடுகளுக்குப் பதிலாக வரிசை வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் அது நவீன அச்சு, பேச்சே வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எனக்கு ஆத்திரம் வருவது புத்தகத்தைப் பிரித்து விற்பவர்கள் மேல். இருநூறு வருடம் பைண்டிங் கலையாமல் வந்த ஒரு தொகுதியை வாங்கி, படங்களைக் கத்தியால் அறுத்தெடுத்து, ஆள் வைத்து வண்ணம் பூசி, ஒவ்வொன்றாக ஃபிரேம் போட்டு விற்கிறார்கள். அந்தச் சான்றிதழையும் அவர்களேதான் அச்சடித்துக்கொள்கிறார்கள், அதற்கு மதிப்பே கிடையாது. ஏலக் குறிப்புகளிலும் படத்தின் வருடத்தைப் பெரிதாகப் போடுவார்கள், வண்ணம் எப்போது பூசியது என்று ஒரு வரி இருக்காது. கேட்டால்தான் சொல்வார்களாம். எத்தனை வருடமாகச் சொல்லிப் பார்த்தாயிற்று, மாறுவதாக இல்லை.

அடியில் இருக்கும் வருடத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். 1735இல் பிரிட்டனில் அமலுக்கு வந்த சட்டப்படி, பதிப்புரிமை வேண்டுமென்றால் வெளியிட்ட தேதியைத் தகட்டிலேயே பொறிக்க வேண்டும். பொறித்தது பொறித்ததுதான், அதே தகட்டில் முப்பது வருடம் கழித்து அச்சடித்தாலும் அதே தேதிதான் விழும். தகடு தேய்ந்திருந்தால் மெல்லிய கோடுகள் வெளிறிப்போயிருக்கும். தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, நீர்க்குறியில் (தாள் செய்யும்போதே அதற்குள் பதியும் அடையாளம்) வருடம் இருந்தால் படித்துக்கொள்ளுங்கள், அந்த வருடத்துக்கு முன்னால் அது அச்சாகியிருக்க முடியாது.

சரி, தகட்டுத் தடத்துக்கு வருகிறேன். செப்புத்தகட்டை அழுத்தி அச்சடிக்கும்போது படத்தைச் சுற்றித் தாளில் ஒரு பள்ளம் விழும், அது இல்லையென்றால் போலி என்று பலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். அப்படிச் சொல்லிவிட முடியாது. பைண்டர் ஓரத்தை வெட்டும்போது தடமும் சேர்ந்து போயிருக்கலாம். கறை போக்கத் தாளை நனைத்து அழுத்திக் காயவைத்தாலும் தடம் ஏறக்குறைய மறைந்துவிடும். என்னிடமே ஓரம் வெட்டிய பிரதி ஒன்று இருக்கிறது, மூன்று பக்கம் தடம் இல்லை, நாலாவது பக்கத்தில் விரல் நகத்தால் தடவினால் மட்டும் தட்டுப்படும், ஆனால் கோடுகளில் மை இன்னும் மேடாக நிற்கிறது, அசல்தான். மறுபக்கம், போலித் தாளில் வெறும் தகட்டை வைத்து அழுத்திப் பள்ளம் உண்டாக்குவதும் நடக்கிறது. ஆகவே தடம் இருக்கிறதா என்பதைவிடக் கோட்டில் மை மேடாக இருக்கிறதா என்று பாருங்கள், விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் தெரிந்துவிடும்.

இதெல்லாம் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்க முடியாது. ஃபிரேமைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மவுண்ட் அட்டை ஓரத்தை மறைத்திருக்கும், பின்னால் செலோடேப் ஒட்டியிருப்பார்கள், அதன் பசை தாளுக்குள் இறங்கிப் பழுப்பாகியிருக்கும். கழற்ற மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள், இதே தொகுதியின் வண்ணம் பூசாத பிரதிகள் இன்னும் விற்பனைக்கு வருகின்றன.