கேளுங்கள், சொல்கிறோம்: "இவனுக்கு வராது" என்று அனுப்பப்பட்ட பையன்

கேள்வி: என் மகனுக்குப் பதினோரு வயது. ஒன்றரை வருஷம் வயலின் வகுப்புக்குப் போனான். போன மாதம் "இவனுக்கு வராது, நிறுத்திடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். பெல்ஜியம் நாட்டு வயலின் மேதை இசாயியையும் சின்ன வயதில் இப்படித்தான் அனுப்பினார்களாமே, நிஜமா?
- ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: நிஜம்தான், சகோதரி. யூஜீன் இசாயி 1858-ல் லியேஜ் நகரில் பிறந்தவர். முதல் பாடம் அப்பாவிடம். ஏழு வயதில் ஊர் இசைப் பள்ளியில் சேர்ந்தார். முன்னேற்றம் இல்லை என்று வெளியே அனுப்பினார்கள். எப்படி முன்னேறுவான்? வீட்டுக் கஷ்டத்துக்காக அந்தப் பிள்ளை இரண்டு உள்ளூர் ஆர்கெஸ்ட்ராக்களில் வாசித்துக்கொண்டிருந்தான், சாதகம் பண்ண நேரமே இல்லை. விடியற்காலையில் காசிமேட்டில் வேலை பார்த்துவிட்டு வகுப்பில் கண் சொக்கும் பிள்ளையை மந்தம் என்று சொல்வது போலத்தான் இது.

பன்னிரண்டு வயதில் ஒரு நிலவறையில் அவன் வாசித்துக்கொண்டிருந்தது, அந்த வழியாகப் போன வியூத்தாம் காதில் விழுந்ததாம். அவர் அந்த நாட்டின் பெரிய வித்வான். அவர்தான் பையனை மறுபடி பள்ளியில் சேர்க்க ஏற்பாடு செய்தார், பிற்பாடு தானே பாடமும் சொல்லிக்கொடுத்தார்.

1886-ல் இசாயி பிரஸ்ஸல்ஸ் இசைப் பள்ளியில் ஆசிரியரானார். அதே வருஷம் கல்யாணம். இசையமைப்பாளர் சேசார் பிராங்க் ஒரு சொனாட்டாவையே (ஒன்றிரண்டு வாத்தியங்களுக்கென்று பல பகுதிகளாக எழுதும் இசைப் படைப்பு) எழுதிப் பரிசாகக் கொடுத்தார். டிசம்பரில் அதை ஓர் ஓவியக் கூடத்தில் வாசித்தார்கள். அங்கே விளக்கு ஏற்றக் கூடாது. பொழுது சாய்ந்து இசைக் குறிப்புத் தாள் கண்ணுக்குத் தெரியாமல் போக, இசாயியும் பியானோ வாசித்த அம்மையாரும் மிச்சத்தை இருட்டிலேயே மனப்பாடமாக வாசித்து முடித்தார்கள். கரண்ட் போன ராத்திரிகளில் எனக்கு இது ஞாபகம் வரும்.

1923-ல் தனி வயலினுக்கு ஆறு சொனாட்டா எழுதினார். ஆறும் ஆறு வித்வான்களுக்கு, அவரவர் கைவாகு பார்த்து அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. பாடம் சொல்வதிலும் அவருக்கு அதே கண். வில்லியம் பிரிம்ரோஸ் வயலின் கற்க அவரிடம் வந்தவர். "நீ வியோலாவுக்குப் போ" என்று தூண்டியது இசாயிதான். வியோலா என்பது வயலினைவிடச் சற்றுப் பெரிய, சுருதி தாழ்ந்த வாத்தியம். பிரிம்ரோஸ் உலகமே கொண்டாடிய வியோலா கலைஞர் ஆனார். வராது என்று சொல்வதற்கும், உனக்கு எது வரும் என்று பார்த்துச் சொல்வதற்கும் எவ்வளவு தூரம், பாருங்கள்!

அதனால் வேறு வாத்தியாரைப் பாருங்கள். அப்புறம் ஒன்று. நம்ம பக்கம் கடல் காற்றின் ஈரத்தில் வில்லின் முடி தொய்ந்துவிடும், தந்தியிலும் வியர்வை படியும். வாசிக்கும் முன் வில்லின் திருகை அளவாக முறுக்கி, முடியில் ரோசின் (தந்தியை வில் பற்றிப் பிடிக்க உதவும் பிசின் கட்டி) தடவவும், முடித்ததும் முடியைத் தளர்த்தி, காய்ந்த துணியால் தந்தியைத் துடைக்கவும் பழக்குங்கள். அவன் வாசிப்பில் கேட்ட கீச்சுச் சத்தத்தில் பாதி அதனாலேயே இருந்திருக்கலாம்.