ஆசை மாசியில், வேலை ஐப்பசியில்

கேள்வி: எனக்கு நாற்பத்து நான்கு வயது ஆகிறது; தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே வீடு. தேனீ வளர்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. மாசி மாதத்தில் பக்கத்துத் தோட்டத்தில் தேன் எடுப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அது பொங்கி எழுகிறது. ஒரு குறிப்பேடு நிறைய எழுதி வைத்திருக்கிறேன், காணொளிகளும் ஏராளமாகப் பார்த்துவிட்டேன். ஆனால் ஒரு பெட்டிகூட வாங்கவில்லை. கணவர் கேலி செய்கிறார். எனக்கென்று எதுவுமே செய்யாமல் காலம் போய்விடுமோ என்று கவலையாக இருக்கிறது. நான் சோம்பேறியா, இல்லை அந்த ஆசையே பொய்யா?
- வாசகி, குலசேகரம்

பதில்: பள்ளியையும் வீட்டையும் சேர்த்துச் சுமக்கிறவரைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பொய்யான ஆசைக்காக யாரும் குறிப்பேட்டை நிரப்புவதும் இல்லை. சிக்கல், அந்த ஆசை உங்களுக்கு வரும் மாதத்தில் இருக்கிறது.

ரப்பர் மரம் இலையுதிர்த்துத் தளிர் விடும்போது, இளம் இலைக்காம்பின் நுனியில் உள்ள சுரப்பிகளில் இனிப்பு நீர் கசியும். உங்கள் பகுதித் தேனில் பெரும்பங்கு பூவிலிருந்து அல்ல, இந்தத் தளிரிலிருந்துதான் கிடைக்கிறது. தையில் தொடங்கும் அந்த வரத்துக்கு முன்பே பெட்டிக்குள் தேனீக்கள் பெருகியிருக்க வேண்டும். அதனால்தான் வளர்ப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகையிலேயே கூட்டங்களைப் பிரித்துப் பெருக்கிவிடுகிறார்கள். நீங்களோ மாசியில் ஆசைப்படுகிறீர்கள். அப்போது பெட்டி வாங்கினாலும் அந்த ஆண்டின் பலன் அதிகம் இராது என்று அறிந்து தள்ளிப்போடுகிறீர்கள். ஆனி மழையில் மறந்துவிடுகிறீர்கள். ஐப்பசியில் உங்களுக்கு நினைவூட்ட அடுத்த தோட்டத்தில் தேன் வாசனை இருப்பதில்லை. தேனீ என்று இல்லை, பல ஆசைகள் இப்படித்தான் வீணாகின்றன: பிறருடைய அறுவடையைப் பார்த்துக் கிளம்புகிற ஆசைக்கு விதைப்புக் காலம் கண்ணில் படுவதில்லை.

காணொளிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கைகூடிவிட்டதாகக் கற்பனை செய்து மகிழும்போது முயலும் வேகம் தளர்கிறது என்று ஜெர்மானிய உளவியலாளர் காப்ரியேல் எட்டிங்கன் தம் ஆய்வுகளில் கண்டார். பீட்டர் கோல்விட்சர் என்பவரும் சகாக்களும் நடத்திய ஒரு சோதனையில், விடுமுறைக் காலத்தில் ஒரு சிறு கட்டுரை எழுதி அனுப்பும்படி மாணவர்களைக் கேட்டார்கள். எப்போது, எங்கே உட்கார்ந்து எழுதுவோம் என்று முன்கூட்டியே குறித்துக்கொண்டவர்களில் கட்டுரையை முடித்தவர்களின் விகிதம், அப்படிக் குறிக்காதவர்களுடையதைப் போல இரு மடங்குக்கும் மேலாக இருந்தது. அனுப்ப வேண்டும் என்ற எண்ணம் இரு சாராருக்கும் இருந்ததுதான்!

ஆகவே குறிப்பேட்டில் இனிமேல் தேனீயைப் பற்றி எழுத வேண்டாம். ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்து அந்தத் தேதியை எழுதுங்கள். அதற்கு முன் மார்த்தாண்டத்தில் அனுபவமுள்ள ஒருவரிடம் பெட்டியைத் திறந்து பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள், 1920களில் ஒய்.எம்.சி.ஏ.வின் கிராமப் பணியில் மரப்பெட்டித் தேனீ வளர்ப்பு பரவிய ஊர் அது, ஆளுக்குப் பஞ்சமில்லை. தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் மானியம் உண்டா என்றும் விசாரியுங்கள், ஆனால் மானியத்துக்காகத் தொடக்கத்தைத் தள்ளிப்போடாதீர்கள். பத்துப் பெட்டி வேண்டாம், ஒன்றும் போதாது, இரண்டு வாங்குங்கள். ஒன்றில் ராணி இறந்துவிட்டால் மற்றதிலிருந்து முட்டையுள்ள அடையை எடுத்து வைக்கலாம், தேனீக்களே புதிய ராணியை வளர்த்துக்கொள்ளும். பெட்டியைத் தாங்கும் கால்களை நீர் நிறைந்த கிண்ணங்களில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. கொட்டுப்பட்டுப் பயந்தால் யாரை அழைப்பது என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள்.

புதியவர்களில் பலர் கைவிடுவது தேன் காலத்தில் அல்ல, மழைக்காலத்தில். வெளியே தீனி இல்லாத ஆனி, ஆடியில் சர்க்கரைப் பாகு வைத்துக் கூட்டத்தைக் காப்பாற்ற வேண்டியிருக்கும், நோயும் வரலாம். 1991-92 வாக்கில் பரவிய, தேனீப் புழுக்களைக் கொல்லும் 'தாய்லாந்து சாக்புரூட்' வைரஸால் உங்கள் மாவட்டத்தில் ஏராளமான கூட்டங்கள் அழிந்தன; அதன்பிறகும் மீண்டும் தொடங்கியவர்கள் இருக்கிறார்கள். முதல் ஆண்டில் லாபக் கணக்குப் போடாதீர்கள்.

கணவரிடம் இதைப் பற்றி இனி அதிகம் பேச வேண்டாம். பெட்டியை இறக்கி வைக்கும் நாளில் அவருடைய கை உதவி மட்டும் கேளுங்கள்.