பிள்ளைகளோடு இரண்டு நாள் கடற்கரைப் பயணம்: முற்பணம் கட்டுவதற்கு முன்

கேள்வி: எங்களுக்கு இரண்டு வயதிலும் ஐந்து வயதிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆகஸ்ட் விடுமுறையில் இரண்டு இரவுகள் கடலோரத்தில் தங்க விரும்புகிறோம். உனவட்டுனப் பக்கத்து விடுதியொன்று, டிசம்பரில் கேட்கும் வாடகையில் ஏறத்தாழப் பாதிக்கே அறை தருவதாகச் சொல்கிறது. முழுத் தொகையையும் இப்போதே கட்டினால் இன்னும் குறைப்பார்களாம். கட்டலாமா?
ஒரு தாய், தலவாக்கலை

பதில்: கட்ட வேண்டாம் என்பதே என் கருத்து. அந்த விடுதி உங்களை ஏமாற்றுகிறது என்று நான் சொல்லவில்லை. ஆகஸ்டில் தென்கரையில் அறை வாடகை குறைவது வழமைதான். ஆனால் அது ஏன் குறைகிறது என்பதைத் தெரிந்துகொண்டுதான் பணத்தைக் கொடுக்க வேண்டும். மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று வீசுவதால், பெந்தோட்டை, ஹிக்கடுவ, உனவட்டுன, மிரிஸ்ஸ என்று மேற்கிலும் தெற்கிலும் உள்ள கடல் கொந்தளிப்பாகவே இருக்கும். பெரியவர்கள் கரையில் அமர்ந்து அலைகளைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். இரண்டு வயதுப் பிள்ளையைத் தண்ணீரில் இறக்க முடியாது. சில ஆண்டுகளுக்கு முன் நானும் இதே மாதத்தில், இதே காரணத்துக்காக, தென்கரையில் மலிவாக ஓர் அறை எடுத்தேன். நான்கு வயது மகள் இரண்டு நாளும் ஜன்னலோரம் நின்று "எப்போது கடலுக்குப் போவோம்?" என்று கேட்டது இன்னும் என் மனதில் இருக்கிறது.

அதே மாதங்களில் கிழக்குக் கரை அமைதியாக இருக்கும். நிலாவெளி, உப்புவெளி, பாசிக்குடா ஆகிய மூன்றும் குடும்பங்களுக்கு ஏற்றவை. அவற்றில் பாசிக்குடாவை முதலில் சொல்வேன். அந்தக் குடாவில் கடல் ஆழமின்றி நெடுந்தூரம் போவதால், சிறு பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு முழங்கால் அளவு தண்ணீரில் நிற்பது அங்கே எளிது. அறுகம்பையும் கிழக்கில்தான் இருக்கிறது என்றாலும், ஆகஸ்ட் அங்கே அலைச்சறுக்கு வீரர்கள் கூடும் காலம் என்பதை மறந்துவிடாதீர்கள். பதுளை, பண்டாரவளைப் பக்கத்தில் இருப்பவர்கள் பிபிலை, மகாஓயா ஊடாகச் செல்லும் செங்கலடி வீதியால் பாசிக்குடாவை அடையலாம். தலவாக்கலையிலிருந்து புறப்படும் உங்களுக்கு, எந்தக் கரைக்குப் போனாலும் பயணம் ஆறேழு மணித்தியாலம் பிடிக்கும்.

ஆகவே வாடகையை இரவுக் கணக்கில் பார்ப்பதைவிட, பிள்ளை விழித்திருந்து கடலோரத்தில் நிற்கப்போகும் மணித்தியாலக் கணக்கில் பாருங்கள். முதல் நாள் பிற்பகலில் போய்ச் சேர்ந்தால் மாலையில் இரண்டு மணித்தியாலம் கிடைக்கும்; மறுநாள் வெயில் ஏறுமுன் காலையில் மூன்றும் மாலையில் இரண்டும்; மூன்றாம் நாள் புறப்படுமுன் இரண்டு. நீங்கள் கட்டும் பணமெல்லாம் இந்த ஒன்பது மணித்தியாலத்துக்குத்தான். விடுதி கடற்கரையிலிருந்து பதினைந்து நிமிட நடை தூரத்தில் இருந்து, இடையில் வாகனங்கள் ஓடும் பெருவீதியையும் கடக்க வேண்டும் என்றால், அந்த ஒன்பதிலும் ஒரு பங்கு வழியிலேயே போய்விடும். எனவே அறையின் படத்தைக் கேட்பதோடு நிறுத்தாமல், விடுதி வாசலிலிருந்து கடல் வரையிலான பாதையையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒழுங்காக நடத்துபவர்கள் தயங்காமல் அனுப்புவார்கள்.

இன்னுமொன்று. மலைப்பாதை வளைவுகளில் பிள்ளைகள் வாந்தி எடுப்பதால், பலர் மருந்துக் கடையில் தாமாகவே மருந்து வாங்கிக் கொடுக்கிறார்கள். இதற்கு வழக்கமாக விற்கப்படும் மருந்துகளில் சில இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு ஆபத்தானவை. உங்கள் சின்னவரின் வயதையும் எடையையும் வைத்தியரிடம் சொல்லிக் கேட்காமல் எதையும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: தொலைபேசியில் அறை 12,000 ரூபா என்றார்கள். புறப்படும்போது கொடுத்த பில்லில் 15,576 ரூபா இருந்தது. பிள்ளைக்குத் தரையில் விரித்த மெத்தைக்குத் தனியாக 2,500 ரூபா. இது முறையா?
ஹட்டன் வாசகர்

பதில்: முதலில் 15,576 எப்படி வந்தது என்று பார்ப்போம். 12,000 ரூபாவுக்குச் சேவைக் கட்டணம் 10 வீதம் சேர்த்தால் 13,200 ரூபா. அந்தத் தொகையின் மீது 18 வீத வற் வரி 2,376 ரூபா. இரண்டும் சேர்ந்து 15,576. கணக்கில் பிழையில்லை. விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறிகள் போட்டிருந்தால், சேவைக் கட்டணமும் வரியும் அதில் அடங்கவில்லை என்பதே பொருள். தொலைபேசியில் பேசும்போது அந்தக் குறிகள் காதில் விழுவதில்லை. சொல்ல வேண்டியவர்களும் பல நேரங்களில் சொல்வதில்லை. ஆகவே விலையைக் கேட்பவர், "எல்லாம் சேர்த்து, கடைசியில் கையிலிருந்து எவ்வளவு போகும்?" என்று கேட்டு, அந்தத் தொகையை வட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்ல வேண்டும்.

ஆனால் நீங்கள் பார்க்க வேண்டிய இன்னொரு விஷயம் உண்டு. 2024 ஜனவரி முதல் வற் 18 வீதம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதை எல்லா விடுதிகளும் அறவிட முடியாது என்பது பலருக்குத் தெரியாது. அந்த வரிக்குப் பதிவு செய்துள்ள வியாபாரிதான் அதை வாடிக்கையாளரிடம் வாங்கலாம். பில்லில் வற் பதிவு இலக்கம் அச்சிடப்பட்டுள்ளதா என்று பாருங்கள். நான்கைந்து அறைகள் மட்டும் உள்ள சிறு விடுதி, பதிவு இலக்கம் எதுவுமில்லாத கையெழுத்துப் பில்லில் 2,376 ரூபாவை வரி என்று எழுதியிருந்தால், அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

மெத்தைக்கான கட்டணம் விடுதியின் விருப்பத்தைப் பொறுத்தது. முன்கூட்டியே சொல்லாமல் பில்லில் சேர்ப்பதுதான் தவறு. சில இடங்களில் ஐந்து வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கட்டணமில்லை, சில இடங்களில் ஆறு, சில இடங்களில் பன்னிரண்டு வரை அரைக் கட்டணம் என்று வயதெல்லை மாறும். பிள்ளையின் வயதைச் சொல்லி, மெத்தை வேண்டுமா வேண்டாமா என்பதையும், காலை உணவு பிள்ளைக்கும் சேர்த்தா என்பதையும் அறையைப் பதிவு செய்யும்போதே முடித்துவிடுங்கள். இணையத்தளங்களில் டொலரில் காட்டப்படும் விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். விடுதிக்கு நேரடியாகப் பேசி உள்நாட்டவருக்கான விலை இருக்கிறதா என்று கேட்டால், பல இடங்களில் குறைத்துத் தருவார்கள். அங்கே போனதும் தேசிய அடையாள அட்டையைக் காட்ட வேண்டியிருக்கும்.

கேள்வி: கடலுக்குக் கொண்டுபோக, கையில் மாட்டும் காற்றடைத்த பட்டைகளை நுவரெலியாவில் வாங்கினேன். மகனுக்கு ஆறு வயது. இது போதுமா?
ஒரு தந்தை, இராகலை

பதில்: போதாது. அவை விளையாட்டுப் பொருட்கள். ஒரு பக்கம் காற்று இறங்கினாலும், கை ஈரத்தில் வழுக்கினாலும் பயனற்றுப் போகும். உயிர்காப்பு அங்கி வாங்குங்கள். அது எத்தனை கிலோ எடையுள்ள பிள்ளைக்கானது என்று உட்புறத் துணியில் எழுதியிருக்க வேண்டும். எழுதியிராத அங்கி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். இரு கால்களுக்கிடையே பூட்டும் பட்டி இருக்கிறதா என்று பாருங்கள். கடையிலேயே பிள்ளைக்கு அணிவித்து, தோள்பட்டைப் பகுதியைப் பிடித்து மேலே தூக்குங்கள். அங்கி காது வரை ஏறினால் அந்த அளவு பொருந்தாது. "வளர்ந்த பிறகும் போடலாம்" என்று பெரிய அளவில் வாங்கும் நம் வழக்கம் பள்ளிச் சீருடைக்குச் சரி, இதற்குச் சரியல்ல.

கிழக்குக் கரைக்குப் போகிறவர்களுக்கு ஒரு விசேட எச்சரிக்கை. ஆகஸ்டில் அங்கே காற்று பெரும்பாலும் கரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. அலை அடங்கியிருப்பதற்கு அதுவே காரணம். காற்றடைத்த வளையத்தில் மிதக்கும் பிள்ளையைச் சத்தமில்லாமல் வெளியே கொண்டுபோவதும் அதே காற்றுதான். வளையத்தையும் மிதவையையும் விடுதி நீச்சல் தடாகத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கி அணிந்திருந்தாலும், கை எட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் நின்றாக வேண்டும்.

கேள்வி: மூன்று குடும்பங்கள் சேர்ந்து வேன் ஒன்றை ஹயருக்குப் பேசுகிறோம். எதையெல்லாம் கேட்க வேண்டும்?
பொகவந்தலாவையிலிருந்து

பதில்: நாளொன்றுக்கு எத்தனை கிலோமீற்றர் அடக்கம், அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் எவ்வளவு, மீற்றர் கணக்கு உங்கள் வீட்டு வாசலிலிருந்தா அல்லது வேன்காரர் வீட்டிலிருந்தா தொடங்கும், அதிவேகப் பாதைக் கட்டணமும் சாரதியின் சாப்பாடும் இராத் தங்கலும் யார் பொறுப்பு, ஏற்றத்திலும் ஏசி போடுவார்களா என்பவற்றைப் பேசிக்கொள்ளுங்கள். இவற்றை எல்லோரும் கேட்பார்கள். எவரும் கேட்காதது காப்புறுதி. சொந்தப் பாவனைக்கென்று காப்புறுதி செய்த வேனை வாடகைக்கு ஓட்டும்போது விபத்து நேர்ந்தால், காப்புறுதி நிறுவனம் இழப்பீட்டை மறுக்க இடமுண்டு. வாடகைப் பாவனைக்கான காப்புறுதிதானா என்று பத்திரத்தைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். பின் ஆசனங்களில் பட்டி வேலை செய்கிறதா என்பதைப் புறப்படும் நாளில் பார்க்க வேண்டாம். வேனைப் பேசும் நாளிலேயே போய்ப் பார்த்துவிடுங்கள். பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணி ஆசனத்தைக் குறைத்துக் கணக்கிடாதீர்கள். ஏழு மணித்தியாலம் மடியில் இருந்த பிள்ளை, போய்ச் சேர்ந்ததும் அழத்தான் செய்யும்.

கேள்வி: கடற்கரைக் கடையில் 500 மில்லிலீற்றர் தண்ணீர்ப் போத்தலுக்கு 120 ரூபா வாங்கினார்கள்.
ஒரு வாசகி, பண்டாரவளை

பதில்: 2025 ஏப்ரலில் போத்தல் தண்ணீருக்கு உச்ச விலை விதிக்கப்பட்டது. அதன்படி 500 மில்லிலீற்றருக்கு 70 ரூபாவும் ஒரு லீற்றருக்கு 100 ரூபாவும் ஆகும். குறித்த விலைக்கு மேல் விற்பது குற்றம். பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977.

கேள்வி: ஹிக்கடுவையில் அறைக்கு 15,000 ரூபா முற்பணத்தை வங்கி மூலம் அனுப்பினோம். மண்சரிவால் வீதி மூடப்பட்டதால் போக முடியவில்லை. "முற்பணம் திரும்பத் தரப்படாது" என்று இப்போதுதான் சொல்கிறார்கள்.
ஒரு வாசகர், வெலிமடை

பதில்: உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான சொல் "இப்போதுதான்" என்பது. பணம் கட்டும் முன் அந்த நிபந்தனையை அவர்கள் எழுத்திலோ சொல்லிலோ தெரிவித்திருந்தால் உங்கள் நிலை பலவீனமானது. தெரிவிக்கவில்லை என்றால், பிறகு கொண்டுவரும் நிபந்தனையை ஏற்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை என்று வாதிடலாம். வங்கிப் பற்றுச்சீட்டு, வட்ஸ்அப் உரையாடல், வீதி மூடப்பட்ட செய்தி மூன்றையும் ஒன்றாக வையுங்கள். முதலில் விடுதிக்கு எழுத்தில் கேளுங்கள். பணமாகவே கேட்பதைவிட, "ஆறு மாதத்துக்குள் வேறு திகதி தாருங்கள்" என்று கேட்டால் இணங்குபவர்கள் அதிகம் என்பது என் அனுபவம். இணங்காவிட்டால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம். மூன்று மாதங்களுக்குள் முறையிட வேண்டும் என்பதால் காலத்தைக் கடத்தாதீர்கள். கடிதம் தமிழில் இருக்கலாம். விடுதி சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு பெற்றது என்றால் அங்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலையகத்தின் வீதிகளும் ரயில் பாதையும் எந்த அளவுக்குச் சேதமடைந்தன என்பதை நாம் எல்லோரும் கண்டோம். நம் வீட்டு வாசலில்தான் பாதை உடைகிறது; கடற்கரையில் அறை வைத்திருப்பவருக்கு அன்று வெயில் காயலாம். ஆகவே மலையகத்திலிருந்து அறை பதிவு செய்பவர் எவராயினும், "வீதி மூடப்பட்டால் வேறு திகதி தரப்படும்" என்ற ஒரு வரியை விடுதியிடமிருந்து எழுத்தில் பெற்ற பின்னரே பணம் அனுப்ப வேண்டும். முழுத் தொகையை ஒருபோதும் முன்கூட்டிக் கட்ட வேண்டாம். நான்கில் ஒரு பங்கு போதும் என்று சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: வாகனம் இல்லை. மூன்று வயது மகளோடு கொழும்பில் இரண்டு நாள். எங்கே அறை எடுப்பது?
ஒரு தாய், பதுளை

பதில்: கோட்டையில் எடுக்காதீர்கள். வெள்ளவத்தைக்கும் கல்கிசைக்கும் இடையில் எடுங்கள். தெஹிவளை மிருகக்காட்சிசாலை பக்கத்தில் இருக்கிறது. தமிழ்ச் சாப்பாட்டுக் கடைகளும் மருந்துக் கடைகளும் நடந்து போகும் தூரத்தில் இருக்கும். கரையோர ரயில் கடலை ஒட்டியே ஓடுவதால், கொள்ளுப்பிட்டியிலிருந்து கல்கிசை வரை போகும் அந்தச் சிறு பயணமே மூன்று வயதுக்குப் பெரிய காட்சி. செலவும் மிகக் குறைவு. 2022 செப்டெம்பரில் திறக்கப்பட்ட தாமரைக் கோபுரத்தை அந்த வயதுப் பிள்ளைக்காகப் பார்க்க வேண்டியதில்லை. காலிமுகத்திடலுக்கு மாலையில் போங்கள், ஆனால் அங்கே கடலில் இறங்க வேண்டாம். அலுவலகம் விட்டுத் திரும்புவோரால் மாலை ரயில்கள் நிரம்பி வழியும் என்பதால், திடலிலிருந்து அறைக்கு முச்சக்கர வண்டியில் திரும்புவதற்கான பணத்தை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள். மீற்றர் போட்ட வண்டியாகப் பார்த்து ஏறுங்கள்.